துல்லியோ காம்பன்யோலோ: உங்கள் ஸ்டீல் சைக்கிளின் மரையை முடிவு செய்த இத்தாலியர்

நீங்கள் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கச்சிபவுலி பக்கம் அலுவலகம், ஞாயிறு காலையில் கண்டிப்பேட்டை ஏரி வரை சைக்கிள். 2023இல் வெளிவட்டச் சாலையை ஒட்டி சோலார் கூரை போட்ட 23 கி.மீ. சைக்கிள் பாதை திறந்த பிறகு, வாரத்தில் இன்னும் இரண்டு நாள் சேர்ந்துவிட்டது. கார்பன் சைக்கிள் சலித்துப்போச்சு. உங்கள் கால் நீளம், கை நீளம் அளந்து ஒரு ஸ்டீல் ஃபிரேம் செய்யக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் 1970களின் இத்தாலியப் பாகங்களைப் பூட்டவேண்டும் என்று ஆசை.

இணையத்தில் விலையைப் பார்த்ததும் முதல் கேள்வி வரும்: இந்தப் பழைய இரும்புக்கு இவ்வளவா? அதைவிட நல்ல கேள்வி இன்னொன்று இருக்கிறது. நான்கு வருஷம் முன்னால் வாங்கிய போனுக்கே சார்ஜர் கிடைக்காத காலத்தில், ஐம்பது வருஷம் முன்னால் வடக்கு இத்தாலியில் செய்த ஒரு டீரெய்லர், போன மாதம் பற்றவைத்த ஃபிரேமில் எப்படி மரை பிசகாமல் ஏறுகிறது?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே மனிதரின் வாழ்க்கையில் கிடக்கிறது. அவர் பெயர் துல்லியோ காம்பன்யோலோ. சைக்கிள்காரர்கள் அவருடைய பாகங்களைச் செல்லமாக 'காம்பி' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது 'கம்பி' என்று விழுந்தால் தப்பில்லை, விஷயமும் அதுதானே.

ஹார்ட்வேர் கடைப் பையன்

துல்லியோ 1901 ஆகஸ்ட் 26 அன்று இத்தாலியின் விச்சென்சா நகரில் பிறந்தார். அப்பாவுக்கு ஹார்ட்வேர் கடை. ஆணி, தாழ்ப்பாள், திருகு என்று கையில் எடுத்துப் பார்த்தே வளர்ந்த பையன். படித்துப் பட்டம் வாங்கிய இன்ஜினியர் அல்ல. இளவயதில் அமெச்சூர் சைக்கிள் பந்தய வீரராக இருந்தார். பெரிய பந்தயங்களிலும் ஓட்டினார். ஆனால் வீரராக அவர் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காலப் பந்தய சைக்கிளில் கியர் மாற்றுவது எப்படி என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். பின்சக்கர அச்சின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். ஒன்று சமதளத்துக்கு, ஒன்று ஏற்றத்துக்கு. மலை வந்தால் வீரர் இறங்க வேண்டும், இறக்கை வைத்த நட்டைக் கையால் திருகிக் கழற்ற வேண்டும், சக்கரத்தை உருவி, திருப்பிப் போட்டு, செயினை மாட்டி, மறுபடி இறுக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் மறுபடி அதே கூத்து.

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற கதை. நவம்பர் மாதம், குரோச்சே தாவுனே கணவாய். உயரம் சுமார் 1,000 மீட்டர்தான், நம் ஏற்காட்டைவிடத் தாழ்வு, ஆனால் பனிக்குளிர். பந்தயத்தின் நடுவே துல்லியோ சக்கரத்தைக் கழற்றப் போகிறார். விரல் மரத்துவிட்டது, நட்டு உறைந்துவிட்டது, திருக முடியவில்லை. மற்றவர்கள் கடந்து போகிறார்கள். அங்கேயே, இந்தப் பின்சக்கர ஏற்பாட்டை மாற்றியே தீரவேண்டும் என்று முடிவு செய்கிறார். இன்றைக்கு அந்தக் கணவாயில் அவருக்கு நினைவுச் சின்னமே இருக்கிறது.

கதை நல்லா இருக்கு. தேதியைத் தேடினால்தான் சிக்கல். சில நூல்கள் 1924 நவம்பர் என்கின்றன, சில 1927 நவம்பர் என்கின்றன. ஒரே மனிதர், ஒரே மலை, மூன்று வருஷ இடைவெளி. சைக்கிள் வரலாற்றாசிரியர்களில் சிலர் இந்தக் கதையை அப்படியே ஏற்பதில்லை. என் தொழிலில் ஒரே நிகழ்வுக்கு இரண்டு தேதி வந்தால் அந்த வரிசைக்குச் சிவப்பு வண்ணம் அடித்துவிடுவோம். இதற்கும் அடித்துவிடலாம். நிறுவனம் தொடங்கியவர் கேரேஜில் உட்கார்ந்து யோசித்த கதை, காபிக் கடையில் நாப்கினில் வரைந்த கதை எல்லாம் நீங்கள் கேட்டதுதானே? அதே ஜாதி.

ஆனால் கதை சந்தேகம் என்பதால் மனிதர் சந்தேகம் ஆகிவிடமாட்டார். மலையில் என்ன நடந்திருந்தாலும், அதன் பிறகு பட்டறையில் நடந்தவை கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவை.

ஒரு கொக்கி, ஒரு கம்பி

முதலில் வந்தது 'க்விக் ரிலீஸ்'. நிறுவன வரலாறு 1930 என்கிறது. பின்சக்கரத்தின் ஆக்சிலை உள்ளே கூடாக்கி, அதன் வழியே ஒரு மெல்லிய கம்பியை நுழைத்தார். கம்பியின் ஒரு முனையில் மரை, மறுமுனையில் ஒரு நெம்புகோல். நெம்புகோலின் அடியில் மையம் தள்ளிய ஒரு சிறு உருளை. நெம்பை மடக்கும்போது அந்த உருளை கம்பியை இழுத்து, இரண்டு பக்கமும் ஃபிரேமை அழுத்திப் பிடிக்கும். ஸ்பானர் வேண்டாம், விரலில் வலு வேண்டாம். உள்ளங்கையால் ஒரு தள்ளு.

இன்றும் உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிற சைக்கிள்களில் இதைப் பார்க்கலாம். வேடிக்கை என்னன்னா, பலர் நெம்பை மடக்காமல், நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்குகிறார்கள். இறக்கை நட்டை ஒழிக்க வந்த பொருளை இறக்கை நட்டாகவே பயன்படுத்துவது. அது ஆபத்து: சக்கரம் கழன்று விழும். மடக்கும்போது உள்ளங்கையில் அச்சு பதியும் அளவுக்கு எதிர்ப்பு இருக்கவேண்டும். அப்போதுதான் அது தன் வேலையைச் செய்கிறது.

1933இல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். நிறுவனம் என்றால் அப்பா கடையின் பின்னறை. தொடக்க கால ஹப்களை அவர் வார்க்கவும் இல்லை. ஃபிரதெல்லி பிரிவியோ என்ற இன்னொரு இத்தாலிய நிறுவனம் அவருக்காகச் செய்து கொடுத்தது. முதல் முழுநேர ஊழியரை 1940இல்தான் சேர்த்தார். ஏழு வருஷம்! அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. அந்தப் பத்தாண்டு முடியும்போது நூறு பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள்.

முதல் ஆள் அவர் இல்லை

இப்போது ரசிகர்கள் கொஞ்சம் முகம் சுளிக்கும் பகுதி. டீரெய்லரைக் கண்டுபிடித்தது காம்பன்யோலோ இல்லை. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிகள் 1900களின் தொடக்கத்திலேயே பிரான்ஸில் ஓடின. 'வெலோசியோ' என்று அழைக்கப்பட்ட பால் த விவி அதற்காக வாதாடியே பேர் வாங்கியவர். 1937இல் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயமே டீரெய்லரை அனுமதித்துவிட்டது.

அப்போது துல்லியோ என்ன செய்துகொண்டிருந்தார்? விசித்திரமான ஒன்றை. 'காம்பியோ கோர்சா' என்று பெயர். இருக்கைக்குப் பின்னால், ஃபிரேமின் வலது பக்கக் குழாயில், இரண்டு நீளக் கம்பிகள். வண்டி ஓடும்போதே வீரர் கையைப் பின்னால் விட்டு, ஒரு கம்பியைத் திருப்பிப் பின்சக்கரத்தின் க்விக் ரிலீஸைத் தளர்த்த வேண்டும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இன்னொரு கம்பியால் செயினைத் தள்ள வேண்டும். செயின் இறுக்கத்துக்கு ஏற்ப, பின்சக்கரமே பல் வெட்டிய தடத்தில் முன்னும் பின்னும் உருளும். பிறகு மறுபடி பூட்ட வேண்டும். ஓடுகிற வண்டியில் சக்கரத்தை அவிழ்த்துவிடுவது! சொல்லும்போதே வயிறு கலங்குகிறது. ஆனால் செயினை இழுத்துப் பிடிக்கும் உருளைகள் எதுவும் இல்லாததால் உராய்வு குறைவு. ஜினோ பார்த்தாலி 1948 டூர் டி ஃபிரான்ஸை வென்றது இதை வைத்துத்தான். இரண்டு கம்பியை ஒன்றாக்கிய அடுத்த வடிவத்தில் ஃபவுஸ்தோ கோப்பி 1950 பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றார். அந்த மாடலுக்குப் பந்தயத்தின் பெயரே நிலைத்தது.

வெற்றி கண்ணை மறைக்கும் இடம் இது. தன் கருவி டூரை வென்றிருக்கும்போது அதைக் கைவிடத் துணிகிறவர் குறைவு. துல்லியோ துணிந்தார். 1949இல் மிலான் கண்காட்சியில் 'கிரான் ஸ்போர்ட்' என்ற முற்றிலும் வேறு கருவியின் மாதிரியைக் காட்டினார்; 1951இல் ஒற்றைக் கேபிளுடன் சந்தைக்கு வந்தது. நான்கு மூலையிலும் அச்சு வைத்த இணைகரம், அதை இழுக்க ஒரு கேபிள், திரும்பக் கொண்டுவர ஒரு ஸ்பிரிங். இன்று நீங்கள் பார்க்கும் எந்தப் பின் டீரெய்லரும் இந்தக் குடும்பம்தான்.

இணைகரமும் அவருக்கு முன்பே உண்டு. பிரான்ஸின் 'நிவெக்ஸ்' 1930களிலேயே அப்படிச் செய்தது. அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளில் கிராங்கைப் பிடித்திருந்த காட்டர் பின் ஞாபகம் இருக்கா? அதை ஒழித்த கிராங்கை 1930களிலேயே பிரான்ஸின் 'ஸ்ட்ராங்லைட்' விற்றது. காம்பன்யோலோவின் கிராங்க் வந்தது 1950களின் இறுதியில்.

அப்படியானால் அவர் பெயரில் 135க்கும் மேல் காப்புரிமைகள் என்று சொல்கிறார்களே, எதற்காக அவரைக் கொண்டாடுகிறோம்? என் கணக்கில் பதில் ஒரு சின்ன இரும்புத் துண்டில் இருக்கிறது.

கையளவு இரும்பு, உலகம் முழுக்க

ஃபிரேமின் பின்குழாய்கள் முடியும் இடத்தில், சக்கர அச்சு உட்காரும் பிளவு வைத்த துண்டு ஒன்று இருக்கும். டிராப்அவுட் என்பார்கள். வலது பக்கத் துண்டின் அடியில் ஒரு காது நீண்டிருக்கும். டீரெய்லர் அதில்தான் மரையேறும். காம்பன்யோலோ இந்தத் துண்டை உறுதியான எஃகில் அடித்து, ஃபிரேம் செய்கிறவர்களுக்கு விற்றார். லண்டனிலோ மிலானிலோ தனியாகப் பட்டறை வைத்திருந்த கைவினைஞருக்கு இது பெரிய உதவி. தானே வெட்டி ராவ வேண்டாம். வாங்கினோமா, பித்தளை உருக்கிப் பற்றவைத்தோமா, வேலை முடிந்தது.

ஆனால் அந்தக் காதை வைத்துப் பற்றிய நொடியில் அந்த ஃபிரேம் காம்பன்யோலோவின் டீரெய்லருக்குத்தான் சரியாகப் பொருந்தும். 10 மி.மீ. துளை, அங்குலத்துக்கு 26 மரை. நல்ல ஃபிரேம் என்றால் அந்தத் துண்டு இருக்கும் என்றாகிவிட்டது. போட்டி நிறுவனங்களும் கடைசியில் அந்தக் காதுக்குப் பொருந்தும்படியே தங்கள் கருவியைச் செய்யவேண்டி வந்தது. இன்றைய டீரெய்லர்களின் மரை 10 மி.மீ., புரிக்கு 1 மி.மீ.; பழைய அளவு புரிக்கு 0.977 மி.மீ. வித்தியாசம் தலைமுடியைவிடக் குறைவு, இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். ஐ.டி. பாஷையில் சொன்னால், அவர் செயலியை விற்கவில்லை, இடைமுகத்தை இலவசமாகப் பரப்பினார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் இலவசம் இல்லை, காசு வாங்கித்தான் கொடுத்தார்.

இரண்டாவது காரணம், முழுத் தொகுப்பு. 1950களின் இறுதியிலிருந்து ஹப், பெடல், கிராங்க், டீரெய்லர் எல்லாம் ஒரே 'ரெக்கார்ட்' குடும்பமாக வரத் தொடங்கின. அதற்கு முன் வீரரின் மெக்கானிக் பத்து கம்பெனி சாமானைக் கோத்துத் தைக்க வேண்டும். மூன்றாவது காரணம்தான் இன்று உங்களைக் காப்பாற்றுகிறது: ஒவ்வொரு வாஷருக்கும், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அட்டவணையில் தனி எண் உண்டு. தேய்ந்தது எதுவோ அதை மட்டும் வாங்கி மாற்றலாம். அவற்றைக் கழற்றவும் ஃபிரேமை ராவவும் தேவையான கருவிகளை மரப்பெட்டியில் அடுக்கி மெக்கானிக்குகளுக்கு விற்றார். அதே காலத்தில் பிரான்ஸின் 'சிம்ப்ளெக்ஸ்' பிளாஸ்டிக் டீரெய்லருக்குப் போனது. அவற்றில் பல விரிசல் விட்டுப் போய்விட்டன. 1967இல் வந்த அலுமினிய 'நுவோவோ ரெக்கார்ட்' இன்னும் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ சிட்டியில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். எர்னெஸ்தோ கொல்னாகோ செய்த ஸ்டீல் ஃபிரேம், மொத்த எடை 6 கிலோவுக்கும் குறைவு, ஹப்பும் கிராங்கும் காம்பன்யோலோ. அதன் பிறகு அந்தப் பெயருக்கு விளம்பரமே தேவைப்படவில்லை.

துல்லியோ சைக்கிளோடு நிற்கவில்லை. மக்னீசியம் வார்ப்பில் இறங்கி மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் சக்கரம் செய்தார். 1966இல் வைன் பாட்டில் தக்கையைத் திறக்கும் ஒரு பெரிய வெண்கலத் திருகையும் செய்தார். தக்கை உடைந்த கோபத்தில் செய்ததாகக் கதை. (இதற்கும் ஒரு கதை!) அது இன்னும் விற்பனையில் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன வாங்கலாம்?

ஜுமேராத் பஜாரில் தேடினால் இது கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். 1970களில் இந்தியாவுக்குள் இறக்குமதி என்பதே குதிரைக்கொம்பு. நமக்கு வந்தது வேறு பாதை. 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, பிரிட்டனில் அதே குழுமத்தின் கையில்தான் 'ரெனால்ட்ஸ் 531' குழாய்களைச் செய்த கம்பெனியும் இருந்தது. ஐரோப்பிய வீரர்களின் ஃபிரேமுக்குப் போன குழாயும் நம் ஊர் பால்காரரின் ஹெர்குலிஸும் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். அந்த நல்ல குழாய் நமக்கு வரவில்லை, அது வேறு விஷயம்.

ஆக, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத்தான் வேண்டும். அதற்கு முன் ஃபிரேம் செய்கிறவரிடம் சிலதைச் சொல்லிவிடுங்கள். பின்சக்கர இடைவெளி: ஐந்து பல்சக்கரத்துக்கு 120 மி.மீ., ஆறுக்கு 126. பிற்கால ரோடு சைக்கிளின் 130 வைத்துவிட்டால் பழைய ஹப் ஆடும். கிராங்க் உட்காரும் கூட்டுக்கு இத்தாலிய மரை வேண்டாம், பிரிட்டிஷ் மரை போதும். இத்தாலிய மரையில் வலது பக்கமும் சாதாரணத் திசையிலேயே திருகும். ஓட்ட ஓட்டத் தளரும் பழக்கம் அதற்கு உண்டு. பிரிட்டிஷ் மரையில் வலது பக்கம் எதிர்த்திசை, தளராது.

அடுத்தது உங்கள் முழங்கால். அந்தக் காலக் கிராங்கில் 41 பல்லுக்குக் கீழே பொருந்தாது, பெரும்பாலும் 42தான். பின்னால் 24 பல் போட்டால், பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 3.7 மீட்டர் போகும். இன்றைய 34க்கு 32 அமைப்பில் சுமார் 2.2 மீட்டர். ஜூபிலி ஹில்ஸ் ஏற்றத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட அறுபத்தைந்து சதவீதம் கூடுதலாக மிதிக்கிறீர்கள். மெர்க்ஸுக்கு அது சரி. திங்கட்கிழமை ஸ்டாண்ட்அப் மீட்டிங் இருக்கிறவர் யோசிக்கணும்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் பாகங்களுக்குச் சாவே இல்லை என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். நுவோவோ ரெக்கார்ட் கிராங்கின் வலது கை, ஐந்து விரலாகப் பிரியும் இடத்தின் கூர்மையான மூலையில் விரிசல் விடுவது ஊரறிந்த குறை. அழுக்கைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முடிக்கோடு தெரிந்தால் சுவரில் மாட்டுங்கள், சைக்கிளில் வேண்டாம். 1970களின் 'சூப்பர் ரெக்கார்ட்' டைட்டானியம் ஆக்சிலும் அப்படித்தான். உடைந்த வரலாறு உண்டு, இரும்பு ஆக்சிலே போதும். பழைய அலுமினிய ஹேண்டில்பாரையும் அதைப் பிடிக்கும் ஸ்டெம்மையும் புதிதாக வாங்குங்கள். அழகுக்காகப் பல்லை இழக்க வேண்டாம்.

கியர் நல்லா விழணும் என்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், ஜப்பானின் 'சன்டூர்' போதும். 1964இலேயே அவர்கள் இணைகரத்தைச் சாய்த்து வைத்து, டீரெய்லர் பல்சக்கரங்களை ஒட்டியே நகரும்படி செய்துவிட்டார்கள். விலை குறைவு, வேலை சுத்தம். காம்பன்யோலோ பல ஆண்டுகள் பழைய வடிவத்திலேயே நின்றது. சன்டூர் காப்புரிமை 1980களின் நடுவில் முடிந்ததும் மற்றவர்கள் எல்லாரும் அதற்கு மாறினார்கள். துல்லியோவின் ரசிகனாக இதைச் சொல்ல எனக்குக் கஷ்டம்தான். 1951இல் தன் வெற்றிக் கருவியையே தூக்கிப்போட்ட மனிதரின் கம்பெனி, அடுத்த முறை அதைச் செய்யத் தாமதித்தது.

அந்த மாற்றத்தைப் பார்க்க அவர் இல்லை. 1983 பிப்ரவரியில் இறந்தார். நிறுவனத்துக்குப் பொன்விழா ஆண்டு. அவருடைய கையெழுத்தைப் பொறித்த நினைவுத் தொகுப்பு வெளியானது. மகன் வாலென்தீனோ பொறுப்பேற்றார். அந்தப் பொன்விழாத் தொகுப்புதான் இன்று ஏலத்தில் அதிகம் கேட்கப்படுகிறது, அதிகம் ஓட்டப்படாமல் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதும் அதுதான்.

நீங்கள் வாங்குவது சாதாரண ரெக்கார்ட் ஹப்பாக இருந்தால், நடுவில் ஒரு மெல்லிய வளையக் கிளிப் இருக்கும். அதை விரலால் தள்ளினால் அடியில் ஒரு சிறு துளை. எண்ணெய் விடத்தான் அது. பழைய கிரீஸைத் துடைத்து, பால்ரஸ் அத்தனையையும் புதிதாக மாற்றிவிட்டு, கடைசியாக இரண்டு சொட்டு விடுங்கள். கிளிப்பை மூட மறக்காதீர்கள். வெளிவட்டச் சாலைத் தூசு உள்ளே போய்விடும்.